கடலூர்க் கரையில் சூட்டி டெர்ன்: பழைய பதிவுகளைத் தேடுவது எப்படி

2012 ஜனவரி 1. தானே புயல் கரை கடந்து மூன்றாம் நாள். தாழங்குடா மணலில், சாய்ந்து கிடந்த சவுக்குகளுக்கு அப்பால், ஒரு ஆலா, அதாவது டெர்ன் என்னும் கடற்பறவை, செத்துக் கிடந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நெற்றியில் வெள்ளைப் பட்டை. நோட்டில் 'கறுப்பு ஆலா' என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வெள்ளை கண்ணுக்கு மேலேயே நின்றதா, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனதா என்று பார்க்கவில்லை. நின்றிருந்தால் சூட்டி டெர்ன், தாண்டியிருந்தால் பிரைடில்ட் டெர்ன். இன்றும் அந்தப் பதிவை எந்தப் பெயரிலும் சேர்க்க முடியவில்லை. அந்த வருத்தத்தில்தான் பழையவற்றைத் தேடத் தொடங்கினேன்.

சூட்டி டெர்ன் நடுக்கடல் பறவை. லட்சத்தீவின் பிட்டி போன்ற திட்டுகளில் முட்டையிடும். மற்றபடி நிலத்துப் பக்கமே வராது. அதைக் கரைக்குத் தள்ளுவது புயல். அதனால் முதலில் புயல் தேதிகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: 2011 டிசம்பர் 30 தானே, 2020 நவம்பர் 25 இரவு நிவர், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். அடுத்த ஒரு வாரத்தில் கடற்கரைக்குப் போனவர்களின் போன் படங்களைக் கேட்டு வாங்குங்கள். படகைப் படம் எடுத்திருப்பார்கள், மூலையில் பறவை இருக்கும்.

அப்புறம் புத்தகங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் 1886 முதல் வருகிறது. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஹியூம் நடத்திய பறவை இதழான 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' 1872-இல் தொடங்கியது. இரண்டின் பழைய தொகுதிகளும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பறவையின் இன்றைய பெயரான ஓனிகோப்ரியான் ஃபஸ்காடஸ் என்று தேடினால் பழைய பக்கங்கள் பல தப்பிவிடும். ஸ்டெர்னா ஃபஸ்காட்டா, ஸ்டெர்னா ஃபுலிஜினோசா என்றும் தேடுங்கள். ஊருக்கும் அப்படித்தான்: பரங்கிப்பேட்டைக்குப் போர்ட்டோ நோவோ, மாவட்டத்துக்குத் தென்னார்க்காடு.

புதுச்சேரி என்று எழுதியிருப்பதை உடனே நம்பாதீர்கள். கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயரே பாடம்செய்த பறவையின் அடையாளச் சீட்டில் ஏறியிருக்கலாம். புதுச்சேரிக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர் சொன்னேரா, ஆஸ்திரேலியாவின் லாஃபிங் கூக்கபுராவை நியூ கினியில் கண்டதாக எழுதினார். அந்த மீன்கொத்தி அங்கே கிடையாது. ஆனாலும் அதன் அறிவியல் பெயரில் நியூ கினி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அதிகம் கிடைத்தது கரையில்தான். தேவனாம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "பெரியப்பா, புயலுக்கு அப்புறம் புதுசா ஏதாவது பறவை பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். படம் எதுவும் காட்டவில்லை. காட்டினால், "ஆமா, இதேதான்" என்று சொல்லிவிடுவார்கள்.

"பாத்தேன் தாயி. கட்டுமரத்துல வந்து உக்காந்துச்சி. உடம்பெல்லாம் கரி. முதுகுல மட்டும் அரிசி தூவுன மாதிரி."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. சூட்டி டெர்னின் இளம்பறவை அப்படித்தான் இருக்கும்: மேலும் கீழும் கறுப்பு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள். பிரைடில்ட் குஞ்சுக்கு அடிப்பக்கம் வெளுத்திருக்கும்.

எந்த வருஷம் என்று கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. காற்றைக் கேளுங்கள், வீட்டு விசேஷத்தைக் கேளுங்கள். "வாடைக் காத்து. மூத்தவ தொட்டில்ல கெடந்தா" என்றார். மகளின் பிறப்புச் சான்றிதழில் 1972 அக்டோபர். அந்த டிசம்பரில்தான் கடலூர்ப் பக்கம் ஒரு பெரிய புயல் கரை கடந்தது.

இதை எழுதும்போது திருத்தி அழகாக்க வேண்டாம். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். கேட்ட தேதி, இடம், தேதியைக் கணக்கிட்ட விதம், 'நினைவிலிருந்து' என்ற குறிப்பு எல்லாம் சேருங்கள். 'சூட்டி டெர்ன்' என்பது நம் ஊகம், அதைத் தனி வரியில் போடுங்கள். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பழைய தேதியிட்டு, 'வரலாற்றுப் பதிவு' வகையில் ஏற்றுவதானால், பறவையைப் பார்த்தவரின் சம்மதத்தோடு ஏற்றுங்கள்.

புயலுக்குப் பின் செத்த பறவை கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நெற்றி, முதுகு, விரித்த சிறகு, வால் நான்கையும் படமெடுங்கள். நெற்றியைப் பக்கவாட்டில், கண்ணும் தெரியும்படி எடுங்கள்.