பெர்த்துக்கு விடுமுறை: காற்றைப் பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெர்த் போக ஆசைப்பட்டதும் முதலில் தோன்றுவது, "ஆஸ்திரேலியாதானே, அப்படியே சிட்னியையும் பார்த்துவிடலாம்" என்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் பெர்த் இருப்பது மேற்குக் கரையில். அதற்குப் பக்கத்திலுள்ள பெரிய நகரம் அடிலெய்ட். அதுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல். சிட்னியிலிருந்து கிளம்பும் இந்தியன் பசிபிக் ரயில் 4,352 கி.மீ. ஓடித்தான் இங்கே வந்து நிற்கிறது. சிங்கப்பூரிலிருந்து பறந்தால் ஐந்து மணி நேரம். சிட்னியிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு வார லீவு என்றால் பெர்த் மட்டும் போதும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், சில நாட்கள் 40 கூட. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. கடலில் இறங்குவதுதான் நோக்கம் என்றால் மார்ச், ஏப்ரலைச் சொல்வேன்: வெயில் தணிந்திருக்கும், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பூக்கள் பார்க்க வேண்டுமா, செப்டம்பர். கிங்ஸ் பார்க்கில் காட்டுப்பூக்கள் கொட்டிக் கிடக்கும், நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனால் அப்போது கடல் குளிரும்.

2. விசா, அப்புறம் டிக்கெட்

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் 600 என்ற எண்ணுள்ள பார்வையாளர் விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், கைப்பேசிச் செயலியிலேயே அனுமதி வாங்கிவிடலாம். விசா கைக்கு வரும்முன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

3. பெட்டியில் என்ன இருக்கிறது?

கறிவேப்பிலை, பழம், விதைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பொடி, ஊறுகாய் என்று உணவுப் பொருள் எது இருந்தாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று எழுதுங்கள். எழுதினால் அதிகபட்சம் அந்தப் பொருள் போகும். மறைத்து மாட்டினால் அபராதம். கிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் ஆஸ்திரேலியர்களே பழமும் தேனும் நினைத்தபடி கொண்டுவர முடியாத ஊர் இது.

4. தங்குமிடம்

ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பாருங்கள். 2022 முதல் விமான நிலையத்திலிருந்தே ரயில் ஓடுகிறது. நகர மையத்தில் ஓடும் கேட் (CAT) பஸ்கள் இலவசம். துறைமுக ஊரான ஃப்ரீமேண்டிலுக்கு ரயிலில் அரை மணி நேரம். முதல் மூன்று நாள் கார் தேவையே இல்லை. பெரிய கடைகள் பலவும் ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குத் திறந்து 5 மணிக்கு மூடிவிடும். பால், பிரட்டை முன்பே வாங்கி வையுங்கள்.

5. காற்றை வைத்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

வெயில் காலத்தில் இங்கே காற்று பெரும்பாலும் ஷிஃப்ட் மாறும். காலையில் கிழக்கே நிலத்திலிருந்து வீசும், கடல் தட்டையாகக் கிடக்கும். பிற்பகலில் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த கடற்காற்று வந்துவிடும். வெக்கையைத் தீர்ப்பதால் ஊர்க்காரர்கள் அதை 'ஃப்ரீமேண்டில் டாக்டர்' என்கிறார்கள். வெயிலுக்கு வைத்தியம்தான், கடற்கரையில் படுத்திருப்பவருக்கோ முகமெல்லாம் மணல்.

அதனால் காட்டஸ்லோ கடற்கரைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள், சன்ஸ்கிரீனை நம் நிறத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். பிற்பகலுக்கு ஃப்ரீமேண்டில் சிறைச்சாலை. 1991 வரை கைதிகள் இருந்த இடம், 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ராட்னெஸ்ட் தீவுக்கு ஃப்ரீமேண்டிலிலிருந்து படகில் அரை மணி நேரம். பயணிகளின் கார்களுக்கு அங்கே இடமில்லை, வாடகை சைக்கிள்தான். நான் சாப்பிட்டுவிட்டு மதியம் மேற்கு முனைக்குக் கிளம்பினேன். எதிர்காற்றில் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். முதல் படகிலேயே போயிருந்தால் கிழக்குக் காற்று மேற்கே தள்ளிவிட்டிருக்கும், திரும்பும்போது டாக்டரே முதுகில் கைவைத்துக் கொண்டுவந்து விட்டிருப்பார்! பிற்பகலில் குளிக்க வடக்குப் பக்கக் கரைகள் நல்லது, அங்கே காற்று மறையும்.

குட்டிக் கங்காரு போன்ற குவாக்காக்கள் தாமாகவே காலடிக்கு வரும். படம் எடுங்கள், தொடவோ தீனி போடவோ கூடாது. இன்னொன்று: இந்தப் பகுதியின் பழங்குடிகளான நூங்கார் மக்கள் வாட்ஜெமப் என்று அழைக்கும் இந்தத் தீவு, 1838 முதல் பல பத்தாண்டுகள் பழங்குடி ஆண்களை அடைத்து வைத்த சிறை. இறந்தவர்களைப் புதைத்த இடமும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் அமைதியாகக் கடந்து செல்லுங்கள்.

6. கடைசியில் கார்

மஞ்சள் மணலில் சுண்ணாம்புக் கல் தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் பினக்கிள்ஸ், வடக்கே சுமார் 200 கி.மீ. நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஆங்கிலத்தில் உள்ள உரிமம் செல்லும். சிக்கல் கங்காருதான். அந்தி நேரத்தில் சாலைக்குக் குறுக்கே பாயும். நகருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்று சில வாடகை ஒப்பந்தங்களிலேயே இருக்கும், கையெழுத்துக்கு முன் படியுங்கள். தூண்களின் நிழல் நீளும் சாயங்கால வெளிச்சம்தான் அங்கே அழகு. ஆகவே அன்றே திரும்ப அவசரப்படாமல், பக்கத்து ஊரான செர்வான்டிஸில் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

அட்டவணையில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். காற்று பலமாக இருந்தால் ராட்னெஸ்ட் பயணத்தை அந்த நாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.