முற்றத்து வெயிலைக் கூடத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து முற்றம் வைத்த ஓட்டு வீட்டை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டும்போது முற்றம் வெளுத்துப்போகும். கூடம் இருண்டு கிடக்கும். உடனே கூடத்து மூலையில் ஒரு பாயிண்ட் லைட்டைச் செருகத் தோன்றும். செருகாதீர்கள். பகலில் அந்த வீட்டுக்குச் சூரியன், வானம் என்று இரண்டே விளக்குகள். கூடத்து வெளிச்சத்தில் பெரும்பகுதி முற்றத்துத் தரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் பட்டுத் திரும்பி வருவது. அதனால் சுவரின் வெண்மையும் ஒளி எத்தனை முறை துள்ளுகிறது என்பதுமே இங்கே முக்கியம்.

பிளெண்டரில் ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்கும் சைக்கிள்ஸில் ஒரு சன் லைட் வையுங்கள், ஆங்கிள் (சூரியன் கண்ணுக்குத் தெரியும் அகலம்) 0.53 டிகிரி. தஞ்சை ஏறக்குறைய 10.8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேல். அப்போது வெயில் முற்றத்துத் தரையில் மட்டும் விழும். தாழ்வாரத்து உத்தரங்கள் கீழிருந்து ஒளி வாங்கும். மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே 56 டிகிரி உயரத்தில் நிற்பதால் வெயில் வடக்குத் தாழ்வாரத்துப் பக்கம் சாய்ந்து விழும். அங்கே சுவரில் பட்டால் அந்தச் சுவரே பெரிய விளக்காகிவிடும். கூடம் வடக்கே இருந்தால் படத்துக்கு மார்கழியே நல்லது. ஒய் அச்சு வடக்கு என்றால் சன் லைட்டை எக்ஸ் அச்சில் 34 டிகிரி சுழற்றுங்கள்.

வேர்ல்டில் (காட்சியின் பின்னணியில்) வானத்தை வரையும் ஸ்கை டெக்ஸ்சர் சேர்த்து, அதிலுள்ள சூரிய வட்டமான சன் டிஸ்க்கை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் இரண்டு சூரியன், இரண்டு நிழல். ஸ்கையிலும் சூரிய உயரத்தை 56 என்றே வைத்து, திசையையும் சன் லைட்டோடு பொருத்துங்கள். பிறகு திறந்த வெளியில் 0.18 சாம்பல் நிறத் தகடு ஒன்றைக் கிடத்தி, வெயில் படும் இடத்தையும் நிழல் விழும் இடத்தையும் சாம்பிள் கருவியால் அளந்து பாருங்கள். தெளிந்த வானத்துக்கு 6:1 முதல் 8:1 வரை சரி. 20:1 வந்தால் வானத்தைக் கூட்டுங்கள். கூடத்தில் விளக்கு வைத்து ஈடுகட்ட வேண்டாம்.

முற்றத்தின் திறப்பு அளவுக்கே ஒரு ஏரியா லைட், முகம் கீழ்நோக்கி. அதில் போர்ட்டலை இயக்குங்கள். ஜன்னல்களுக்கும் இப்படியே, முகம் உள்நோக்கி. போர்ட்டல் தானாக ஒளி தராது. வானத்து ஒளி எந்த வழியாக வருகிறது என்று காட்டி, படத்தில் தெறிக்கும் புள்ளி இரைச்சலைக் குறைக்கும். திசை மாறிப் பொருத்தினால் பயனே இல்லை.

சைக்கிள்ஸ் டிஃப்யூஸ் துள்ளலை (பளபளப்பில்லாத பரப்பில் பட்டு ஒளி சிதறுவதை) 4 என்று வைத்திருக்கும். சுண்ணாம்புச் சுவரின் நிறம் 0.8 என்றால், அதாவது படும் ஒளியில் 80 சதவீதத்தைத் திருப்பினால், சுற்றிலும் வெள்ளையான அறையில் நான்காவது துள்ளலுக்குப் பிறகும் 41 சதவீத ஒளி மிச்சமிருக்கும். அதை அங்கே வெட்டினால் கூடமும் ரேழியும் இருளத்தான் செய்யும். டிஃப்யூஸை 8 ஆக்குங்கள், டோட்டல் 12 போதும். எட்டாவதில் மிச்சம் 17 சதவீதம். வெள்ளையை 1.0 வரை ஏற்றிவிடாதீர்கள். எந்தச் சுண்ணாம்பும் அவ்வளவு திருப்பித் தராது, நிழல்களும் கரைந்துபோகும். ஃபாஸ்ட் ஜிஐ இயங்கினால் அணைத்துவிடுங்கள். துள்ளலுக்குப் பதில் ஒரு தோராயத்தை வைத்துவிடும்.

காவித் தரையின் நிறத்தை சிவப்பு 0.25, பச்சை 0.06, நீலம் 0.04 என்ற அளவில் தொடங்குங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் மெல்லிய செம்மை ஏறும். அதுதான் அந்த வீட்டின் அழகு. சிவப்பு மட்டும் 0.8 போனால் உத்தரம் வரை ரத்தச் சிவப்பாகும்.

கம்பி ஜன்னலில் கண்ணாடி இல்லாததால் தொல்லை இல்லை. கூரையில் கண்ணாடி ஓடு பதித்தால் கவனம். காஸ்டிக்ஸை (கண்ணாடி வழியே வளைந்து விழும் ஒளியை) அணைத்திருந்தால் கிளாஸ் ஷேடர் வெயிலை அப்படியே மறித்துவிடும்; தரையில் வெளிச்சக் கட்டம் விழாது. மிக்ஸ் ஷேடரில் கிளாஸையும் டிரான்ஸ்பேரன்டையும் இணைத்து, லைட் பாத்தின் ஷேடோ ரே வெளியீட்டை ஃபேக்டரில் கொடுங்கள்; நிழல் கணக்கில் மட்டும் கண்ணாடி ஊடுருவும்.

பித்தளைக் குடத்தருகே வெள்ளைப் புள்ளிகள் தெறித்தால் இன்டைரக்ட் கிளாம்ப் (துள்ளி வரும் ஒளியின் உச்ச வரம்பு) 10-லேயே இருக்கட்டும், பளபளப்பை மழுக்கும் ஃபில்டர் கிளாஸியை 1 ஆக வையுங்கள். கிளாம்பை 1 வரை இறக்கினால் புள்ளிகளோடு கூடத்து வெளிச்சமும் வெட்டுப்படும். நாய்ஸ் த்ரெஷோல்டு (பொறுத்துக்கொள்ளும் இரைச்சல் அளவு) சோதனைப் படத்துக்கு 0.05, இறுதிப் படத்துக்கு 0.01; இரைச்சலை நீக்கும் டீநாய்சரை இறுதியில் மட்டும் போடுங்கள். இன்னும் இருட்டாகப் பட்டால் ஒளியைத் திரைக்கு ஏற்ற நிறமாக்கும் வியூ டிரான்ஸ்ஃபார்மில் ஏஜிஎக்ஸைத் தேர்ந்து எக்ஸ்போஷரை 1 ஏற்றுங்கள். ஸ்டாண்டர்டில் ஏற்றினால் முற்றம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.