சேலத்து ஏரிகளில் விரால் தூண்டில் போட்டி

வெளிநாட்டில் பாஸ் மீனுக்கு வைக்கிற மாதிரி சேலம் பக்கம் நாலு பேர் கூடித் தூண்டில் போட்டி வைப்பதென்றால் விரால்தான் சரியான மீன். செடி மறைவில் பதுங்கிக் கிடந்து பாய்ந்து கவ்வும். இடம் பார்த்து வீசத் தெரிந்தவர் ஜெயிப்பார்.

முதல் வேலை அனுமதி. ஏரிகள் பெரும்பாலும் மீன் குத்தகையில் இருக்கும். எந்த நாள், எத்தனை பேர், மீனைத் திரும்ப விடுவோமா எடுப்போமா என்று குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேட்டூர் நீர்த்தேக்கம் என்றால் மீன்வளத்துறையிடம் கேட்க வேண்டும். அங்கே பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் கரை நாளுக்கு நாள் உள்வாங்கும். போன வாரம் பார்த்து வைத்த புதர் காய்ந்து கிடக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் இடம் பிரிக்க வேண்டும்.

மாசி முதல் வைகாசி வரை, காலை 6 முதல் 10 மணி வரை வையுங்கள். புதுத்தண்ணீர் வரும் காலத்தில் வேண்டாம். அப்போது செம்பழுப்பு நிறக் குஞ்சுக் கூட்டம் உலை கொதிக்கிற மாதிரி மேலே துள்ளும், அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். கிட்டே எது வந்தாலும் பாயும், அதனால் பிடிப்பது சுலபம். ஆனால் காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். குஞ்சுக் கூட்டத்தில் பிடித்த மீனுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

ராடு ஆறரை, ஏழு அடி, விறைப்பானது. லைன் 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பல இழை பின்னிய நரம்பு. ஒற்றை இழை மோனோ நரம்பு இழுபடும், தூரத்தில் கவ்வினால் முள் ஏறாது. உயிர்த்தவளை கூடாது, 5, 6 செ.மீ. நீளமுள்ள உள்ளே பொள்ளலான ரப்பர் தவளை போதும். வாங்கும்போது கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். இரண்டு முள் முனையும் வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குறடால் முனைகளை இம்மியளவு வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை உள்ளே ஏறிய தண்ணீரைப் பிழிந்துவிடவும். கனத்துப்போன தவளை மிதக்காது.

இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்திலேயே போடாதீர்கள், இரண்டு மூன்று அடி தாண்டிப் போட்டு மெதுவாக இழுத்து வாருங்கள். சந்து வந்ததும் மூன்று நான்கு நொடி நிறுத்துங்கள். தண்ணீர் 'பளக்'கென்று உடைந்த உடனே சுண்டுவதால்தான் பலருக்கு மீன் தப்புகிறது, தவளை இன்னும் வாய்க்குள் முழுதாகப் போயிருக்காது. ராடைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றியெடுத்து, கனம் தெரிந்த பிறகு ஓங்கிச் சுண்டுங்கள். மாட்டிய பின் இளக்கம் கொடுக்கவே கூடாது. ஆகாயத்தாமரை வேருக்குள் தலை நுழைத்தால் எடுப்பது கஷ்டம். தப்பினால் ஒரு நிமிடம் விட்டு அதே இடத்தில் போடுங்கள், பல நேரம் திரும்ப வரும்.

எடையை விட நீளம்தான் சண்டையில்லாத கணக்கு. தாடையில் மாட்டித் தொங்கவிட்டால் மீனுக்குக் காயம், துள்ளினால் தராசு முள்ளும் நிற்காது. ஒரு முனையில் தடுப்பு வைத்த பலகையை நனைத்து, வாயை மூடித் தடுப்பில் முட்டவைத்து, வால் நுனி வரை அளந்து, அன்றைக்குக் கொடுத்த டோக்கனோடு போட்டோ எடுங்கள். டோக்கன் இல்லாவிட்டால் பழைய போட்டோ வந்துவிடும். ஆளுக்குப் பெரிய மூன்று மீன்களின் கூட்டு நீளம் கணக்கு; சமமானால் தனி மீனில் பெரியது வெல்லும்.

அளந்த இடத்திலேயே ஈரக் கையால் விட்டுவிடுவது நல்லது. வைத்திருந்தே ஆக வேண்டுமென்றால் வலைப்பையை முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்தாதீர்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், அதற்கு வழியில்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். பாதி வாளித் தண்ணீர், ஓட்டை போட்ட மூடி. மூடியில்லாவிட்டால் துள்ளி வெளியே விழும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் ஏரியில் திரும்ப விடாதீர்கள். வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது, நம் மீன்களைத் தின்று பெருகும்.