ஆட்டிசம் இருக்குற பிள்ளைய கல்யாணத்துக்கு கூட்டிட்டு போறது எப்படி

பத்திரிகை கைக்கு வந்ததும் முதல்ல முகூர்த்த நேரத்த பாருங்க. காலைல 6 லருந்து 7.30 னு போட்டிருந்தா அதுக்குள்ள எப்பவோ கெட்டிமேளம் இருக்கு, தாலி கட்டுற அந்த நேரம் தவிலும் நாதஸ்வரமும் திடீர்னு உச்சத்துக்கு போகும், நம்ம பிள்ளைங்களுக்கு மண்டபத்துலயே ரொம்ப கஷ்டமான நேரம் அதுதான். ஒண்ணு அது முடிஞ்சப்புறம் உள்ள போங்க. இல்ல முன்னாடியே போயிட்டீங்கன்னா, மாங்கல்யத்த தட்டுல வச்சு ஆசீர்வாதம் வாங்க எல்லார்கிட்டயும் கொண்டு வருவாங்க பாருங்க, அந்த தட்டு உங்க வரிசைக்கு வந்ததும் தொட்டு கும்பிட்டுட்டு பிள்ளைய கூட்டிட்டு வாசலுக்கு வந்துடுங்க, அதுக்கப்புறம் டைம் இருக்காது.

இது அடமோ செல்லமோ இல்லங்க. சத்தம், வெளிச்சம், தொடுறது இதுக்கெல்லாம் ரொம்ப அதிகமாவோ ரொம்ப கம்மியாவோ ரியாக்ட் பண்றத 2013-ல வந்த டிஎஸ்எம்-5 (மனநல டாக்டருங்க நோயறிதலுக்கு பாக்குற அமெரிக்க கையேடு) ஆட்டிசத்தோட அறிகுறிகள்ல ஒண்ணாவே சேர்த்திருக்கு. வீடியோ லைட்டு, பூ வாசனை, ஸ்பீக்கர், பட்டுத்துணி உரசல்னு எல்லாம் ஒரே நேரத்துல மேல வந்து விழுந்தா அந்த குழந்தை என்னதான் பண்ணும்.

ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க. மண்டபத்தோட போட்டோ கூகுள் மேப்ஸ்ல கிடைக்கும், அத காட்டுங்க. கார், மண்டபம், மாமா கூட போட்டோ, சாப்பாடு, திரும்ப கார், வீடுன்னு படமா வரிசையா ஒட்டி ஒரு அட்டை போடுங்க, ஒவ்வொண்ணு முடிய முடிய அவங்க கையாலேயே அத எடுக்கட்டும். "வீடு" படம் கடைசில கண்டிப்பா இருக்கணும், எப்ப முடியும்னு தெரிஞ்சா நிறைய பிள்ளைங்களுக்கு பாதி பயம் போயிடும். காத மூடுற ஹெட்போன அன்னைக்கு புதுசா மாட்டாதீங்க, வீட்ல மிக்ஸி ஓடும்போது மாட்டி பழக்குங்க. டிரஸ்ஸும் அப்படித்தான், ரெண்டு மூணு தடவ துவைச்சு, கழுத்துல இருக்குற லேபில வெட்டி, வீட்லயே போட்டு பாக்கணும். ஜரிகை குத்துதுன்னா பழைய காட்டன் டீ-ஷர்ட்டே போதும், யாரு என்ன சொன்னா என்ன.

கல்யாண வீட்டுக்காரங்க யார்கிட்டயாவது முன்கூட்டியே பேசி மாடில ஒரு ரூம் சாவி கேட்டு வைங்க. எங்க பையன் பாதி நேரம் அந்த ரூம்லதான், ஃபேன பாத்துட்டு படுத்திருப்பான், அப்புறம் அவனே எழுந்து கதவுகிட்ட போய் நிப்பான், அப்ப கீழ கூட்டிட்டு போவோம்.

சாப்பாட்ட வீட்லயே குடுத்துடுங்க, டப்பால பிடிச்சதையும் எடுத்துக்கோங்க. இலைல சாம்பார் ஓடி போய் அப்பளத்துல பட்டாலே சில பிள்ளைங்களுக்கு முழு சாப்பாடும் போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். யாரு எப்ப பிள்ளையோட இருக்கணும்னு வீட்லயே பேசி முடிவு பண்ணுங்க, மண்டபத்துல போய் "நீ பாத்துக்குவன்னு நெனச்சேன்"னு ரெண்டு பேரும் சொல்லக்கூடாது. மண்டபத்துக்கு பின்னாடி சமையல் கட்டுல எண்ணெய் கொதிச்சிட்டு இருக்கும், மேடைல ஹோமம், வாசல் தாண்டுனா ரோடு, அதனால ஒரு பெரியவங்க கண்ணு அவங்க மேலயே இருக்கணும். சட்டை உள்பக்கம் போன் நம்பர் எழுதின சீட்டு ஒண்ணு பின் பண்ணிடுங்க. ஆனா அந்த ஒரு ஆள் அக்காவோ தம்பியோ இல்ல! அந்த குழந்தைக்கும் இது கல்யாணம், மருதாணி வச்சுக்கிட்டு கசின்ஸ் கூட ஓடி ஆடட்டும், நாம சீக்கிரம் கிளம்ப வேண்டி வந்தா சித்தி வீட்டோட இருந்து வரட்டும்.

சொந்தக்காரங்க அட்வைஸ் வரத்தான் செய்யும். கன்னத்த கிள்ள வர்ற பெரியம்மாகிட்ட "தொட்டா அவனுக்கு கஷ்டமா இருக்கும் பெரிம்மா, தூரத்துலருந்து கை காட்டுங்க, அவன் பாப்பான்"னு சொல்லுங்க, பெரும்பாலும் கேட்டுக்குவாங்க. தடுப்பூசியாலதான் வந்துச்சுன்னு யாராவது ஆரம்பிச்சா, 1998-ல அப்படி ஒரு சந்தேகத்த கிளப்பின, லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகைல வந்த கட்டுரைய 2010-ல அந்த பத்திரிகையே வாபஸ் வாங்கிடுச்சுன்னு சொல்லிடுங்க, ஏன்னா பக்கத்துல கைக்குழந்தையோட ஒரு பொண்ணு அத கேட்டுட்டு உக்காந்திருக்கும். மத்ததுக்கெல்லாம் "சரிங்க"ன்னு சொல்லிட்டு நகருங்க.

காத பொத்துறது, வழக்கத்த விட வேகமா கைய உதறுறது, ம்ம்ம்னு சத்தம் ஏறுறது, இதுல எது உங்க பிள்ளையோட அறிகுறின்னு உங்களுக்கு தெரியும். கைய உதறட்டும், நிறுத்தாதீங்க, அது அவங்க தன்னை சமாளிச்சுக்குற வழி. ஆனா வேகம் ஏறுனா கிளம்பிடுங்க. மீறி மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாம கட்டுப்பாடு இழந்து அழுறது கத்துறது, வந்துடுச்சுன்னா பேச்ச குறைங்க, கேள்வி கேக்காதீங்க, திட்டாதீங்க, கூட்டம் கூடாம பாத்துட்டு இருட்டா அமைதியா இருக்குற இடத்துக்கு கொண்டு போங்க, கார் கூட போதும். அதுக்காக வண்டிய வெளிய எடுக்க தோதா நிறுத்துங்க, மொய் கவர உள்ள நுழைஞ்ச உடனே குடுத்துடுங்க.

சாயங்கால ரிசப்ஷனுக்குன்னா மேடை வரிசைல நிக்க வைக்காதீங்க, பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறுறதுக்கு முன்னாடியே ரூம்ல பாத்துட்டு வந்துடலாம். அரை மணி நேரம் நல்லா இருந்தான்னா அதோட கூட்டிட்டு வந்துடுங்க, இன்னும் கொஞ்ச நேரம்னு இழுக்காதீங்க. மறுநாள் தெரபி, விருந்து, மறுவீடு எதுவும் வேணாம், வீட்லயே அவங்க இஷ்டத்துக்கு விட்டுடுங்க.