ஸ்பானிஷ் வினைச்சொல்லை நிகழ்காலத்தில் மாற்றுவது எப்படி?

‘குடிக்கிறேன்’ என்றாலே போதும், ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆள் யார் என்பதைக் கடைசியில் வரும் ‘ஏன்’ காட்டிவிடுகிறது. ஸ்பானிஷும் அப்படித்தான். அதனால் நான், நீ என்பதற்கான சொற்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் விகுதிகள்.

படி 1: அகராதியில் இருக்கும் வடிவத்தை எடுங்கள். அது ஆர், ஏர், இர் மூன்றில் ஒன்றில் முடியும். அதை வெட்டுங்கள். தோமார் (குடிக்க) என்பதில் மிஞ்சுவது ‘தோம்’.

படி 2: ஆளுக்கேற்ற விகுதியை ஒட்டுங்கள்.

தோமோ – குடிக்கிறேன்
தோமாஸ் – குடிக்கிறாய்
தோமா – குடிக்கிறான், குடிக்கிறாள்
தோமாமோஸ் – குடிக்கிறோம்
தோமாய்ஸ் – குடிக்கிறீர்கள் (பலர்)
தோமான் – குடிக்கிறார்கள்

‘தோமோ கஃபே’, காபி குடிக்கிறேன். வாக்கியமே வந்துவிட்டது!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ‘தோமா’வில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. குழப்பம் வந்தால் முன்னால் ஏல் (அவன்) அல்லது ஏயா (அவள்) சேர்ப்பார்கள். மரியாதையாக ‘நீங்கள்’ என்று ஒருவரிடம் பேச ‘உஸ்தேத்’. அதற்கும் ‘தோமா’தான், ‘தோமாஸ்’ அல்ல. ‘தோமாய்ஸ்’ ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்திடம் பேசுவது. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் ‘தோமான்’தான். மெக்ஸிகோவுக்கோ பெருவுக்கோ போகிறவர்கள் அந்த வரியைத் தாராளமாக விட்டுவிடலாம்.

அழுத்தமும் முக்கியம். ‘தோமோ’வில் ‘தோ’வை அழுத்த வேண்டும். ‘மோ’வை அழுத்தினால் ‘குடித்தான்’ என்று இறந்தகாலம் ஆகிவிடும். தமிழில் இப்படிப் பொருள் மாறாது என்பதால் நமக்கு இது எளிதில் நழுவும். வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே வழி.

படி 3: ஏர் வினைகளில் ‘ஆ’ வந்த இடத்திலெல்லாம் ‘ஏ’ வரும். கோமேர் (சாப்பிட): கோமோ, கோமேஸ், கோமே, கோமேமோஸ், கோமேய்ஸ், கோமேன்.

இர் வினைகளும் கிட்டத்தட்ட இதேதான். பிபிர் (வாழ): பீபோ, பீபேஸ், பீபே, பீபேன். மாறுவது இரண்டே: பிபீமோஸ் (வாழ்கிறோம்), பிபீஸ் (வாழ்கிறீர்கள்).

ஸேர் (இருக்க), இர் (போக) போன்ற அடங்காத வினைகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். அவை தினமும் வாயில் புழங்குபவை, ஆனால் இந்த வாய்ப்பாட்டுக்குள் வராது.

சரி, நீங்களே செய்து பாருங்கள்: கோர்ரேர் என்றால் ஓட. ‘ஓடுகிறோம்’, ‘ஓடுகிறாய்’ எப்படி வரும்?

விடை: கோர்ரேமோஸ், கோர்ரேஸ்.