பெர்லியோஸுக்குக் குடல் தந்தி

பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் ‘ஃபண்டாஸ்டிக்’ சிம்பொனியை, அதாவது பெரிய இசைக்குழுவுக்கான அந்தப் படைப்பை, 1830-இல் பாரிஸ் கேட்ட ஒலிக்கு நெருக்கமாக வாசிக்க வேண்டுமா? முதலில் வயலினிலிருந்து எஃகுத் தந்தியைக் கழற்றுங்கள். ஆட்டுக் குடலில் திரித்த தந்தியைப் பூட்டி, ஒத்திகைக்குச் சில நாட்கள் முன்பே சுருதி ஏற்றி வையுங்கள். புதுத் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஈரக்காற்று பட்டாலும் சுருதி நகரும். என் வயலின் பெட்டியில் எப்போதும் இரண்டு உபரித் தந்திகள் இருக்கும். வில்லை அழுத்தாதீர்கள், தந்தி தானே பேசக் காத்திருங்கள். விரலை அசைத்துச் சுரத்தை நடுங்க வைக்கும் விப்ராட்டோவை நீண்ட, உருக்கமான சுரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுரத்திலிருந்து சுரத்துக்கு விரலை வழுக்கிச் செல்லத் தயங்க வேண்டாம். நம் கர்நாடக இசையின் ஜாருவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது இயல்பாகவே வரும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் நான்காம் பகுதி, கொலைமேடைக்குச் செல்லும் அணிவகுப்பு. இங்கே வால்வு இல்லாத ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவிதான் வேண்டும். வலக்கையைக் குழலின் விரிந்த மறுமுனைக்குள் செருகி அடைக்கும்போது, தொண்டையை நெரித்தது போன்ற ஒரு ஒலி பிறக்கிறது. அடைத்த சுரமும் திறந்த சுரமும் வேறுவேறாக ஒலிப்பது குறையல்ல. அதைச் சமப்படுத்த முயலவே கூடாது. அடியில் ஒலிக்கும் டிம்பனி என்ற பெரிய முரசுகளுக்குக் கடற்பஞ்சுத் தலை வைத்த குச்சிகளைப் பெர்லியோஸே கேட்டிருக்கிறார். கம்பளித் தலையோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், புரிந்துவிடும்.

கனத்த ஒலியுள்ள பித்தளைக் குழலான டியூபாவுக்குப் பதில், அதற்கு முந்தைய ஊதுகருவியான ஓஃபிக்ளைட் தேடுங்கள். அதன் ஒலி பஸூன் என்ற தாழ்சுர மரக் குழல்களை மூழ்கடிக்காது. முதல், இரண்டாம் வயலின் குழுக்களை மேடையின் இரு பக்கமும் எதிரெதிரே உட்கார வையுங்கள்.