இரண்டு கலர் சேரும் இடத்தில் கோடு பிசிறாமல் வர

மாஸ்கிங் டேப் ஒட்டியும் பெயிண்ட் அடியில் கசிந்து கோடு பல்லுப்பல்லாக வருகிறதா? நம்ம ஊர் சுவரில் பட்டி எவ்வளவு தேய்த்தாலும் சின்னச் சின்ன மேடு பள்ளம் இருக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் கசிகிறது.

முதலில் வெளிர் கலரை அடித்து நன்றாகக் காய விடுங்கள். ஒரு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைச் சுவர் லேசில் காயாது, இரண்டு நாள் விடுங்கள். இல்லையென்றால் டேப்போடு பெயிண்டும் உரிந்து வரும்.

ரசமட்டம் வைத்துப் பென்சிலில் மெல்லிசாகக் கோடு போட்டு, டேப்பை ஒட்டி, ஓரத்தைப் பழைய ஏடிஎம் கார்டால் அழுத்தித் தேயுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. அடர் கலரை உடனே தொடாதீர்கள். அடியில் இருக்கும் அதே வெளிர் கலரைச் சின்ன பிரஷில் தொட்டு, டேப்பின் ஓரம் முழுக்க ஒரு இழுப்பு. கசிந்தாலும் அதே கலர்தானே, தெரியவே தெரியாது! இடுக்கெல்லாம் அடைந்துவிடும். அது காய்ந்ததும் அடர் கலர் இரண்டு கோட்.

கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். மே மாத வெயிலில் பெயிண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சுவராக முடிப்பது நல்லது. காய்ந்துபோனால் இழுக்காதீர்கள், கட்டர் பிளேடால் ஓரத்தை லேசாகக் கீறிவிட்டு எடுங்கள்.